கதிர் பட்ட பிறகு செல் என்ன முடிவெடுக்கிறது?

பெருங்குடிக்குப் பக்கத்தில், தரமணியில் உள்ள அப்போலோ புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் அது. சற்று வடக்கே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். கதிர் எங்கே, எவ்வளவு விழ வேண்டும் என்பதை இன்று மில்லிமீட்டர் கணக்கில் அமைத்துவிடுகிறார்கள். விழுந்த பிறகு அந்தச் செல் சாகுமா பிழைக்குமா என்பது மட்டும் கருவியின் கையில் இல்லை. செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைகள்தான் அதை முடிவுசெய்கின்றன.

1 கிரே அளவு கதிர் பட்டால், ஒரு செல்லின் டிஎன்ஏவில் ஏறத்தாழ 40 இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடுகின்றன. சில நிமிடங்களிலேயே ஏடிஎம் என்ற நொதி விழித்துக்கொண்டு பி53 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. பி53, செல் பிளவதை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தரும்; சேதம் மிஞ்சிப் போயிருந்தால், செல் தன்னையே அழித்துக்கொள்ளும் வழியைத் திறந்துவிடும். எந்த வழி என்பது திசுவுக்குத் திசு மாறுகிறது. ரத்தத்தின் லிம்போசைட்டுகள் சிறிதளவு கதிருக்கே மடிந்துவிடும். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களும் எளிதில் சாகக்கூடியவை. தசையோ அதே அளவைத் தாங்கி நிற்கும். வயிற்றுப் பகுதியில் கதிர் வைத்தவருக்குப் பேதி ஆவது, குடல் செல்கள் இப்படி மடிவதால்தான்.

பிறவியிலேயே ஏடிஎம் மரபணு பழுதான குழந்தைகள் உண்டு. நடை தள்ளாடும், கண்ணில் ரத்த நாளங்கள் விரிந்து தெரியும். வழக்கமான கதிர் அளவே அவர்களுக்குப் பேராபத்து. அவர்களுடைய செல்கள் கதிரைத் தாங்குவதில்லை என்பது 1975இல் ஆய்வகத்தில் உறுதியானது. மரபணு 1995இல்தான் அகப்பட்டது.

கட்டியின் பக்கம் வருவோம். புகையிலையால் நம் நாட்டு ஆண்களிடையே மிகுந்திருக்கும் வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கு, ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 60 முதல் 70 கிரே வரை, வாரம் 5 நாளாக, 6-7 வாரம் கதிர் தருவது வழக்கம். பிரித்துத் தருவதற்குக் காரணம், மறுநாளைக்குள் நல்ல திசு தன் காயத்தைப் பெருமளவு ஆற்றிக்கொண்டுவிடும் என்பது. ஆனால் ஏறத்தாழ 4 வாரம் கடந்ததும், எஞ்சிய புற்றுசெல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. வளர்ச்சிக் கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பிக்கு இதில் பெரிய பங்குண்டு; கதிரே அதைத் தூண்டிவிடவும் செய்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும், கட்டி கட்டுக்குள் வரும் வாய்ப்பு சராசரியாக 1 சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது.

கதிர் சிகிச்சையைக் கரண்ட் என்று சொல்லி, "கரண்ட் ஒரு நாள் விட்டா என்ன?" என்று கேட்கும் குடும்பங்களுக்கு இதைத்தான் முதல் நாளே, தமிழில், உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருங்குடித் தெருக்களில் தண்ணீர் நின்றபோது வீட்டைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடாக இருந்தது. அப்படி விடுபட்ட நாளை ஈடுகட்ட வழி இருக்கிறது: சனிக்கிழமை கூடுதலாக ஒரு முறை, அல்லது ஒரே நாளில் இரண்டு முறை. ஒரே நாளில் இரண்டு முறை என்றால், நடுவே குறைந்தது 6 மணி நேரம் விடுவார்கள். நல்ல திசுவின் பழுதுபார்ப்புக்கு அந்த அவகாசம் வேண்டும். எனவே விடுபட்டதை மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுவதே நல்லது.

ஈஜிஎஃப்ஆரை அடைத்தால் என்ன என்ற கேள்விக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 536 பேரிடம் விடை தேடியது. 2019இல் வெளியான முடிவின்படி, கதிரோடும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடும், ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் நிமோடுசுமாப் மருந்தையும் பெற்றவர்களில் 61.8 சதவீதத்தினர் 2 ஆண்டு வரை நோய் முற்றாமல் இருந்தார்கள்; பெறாதவர்களில் 50.4 சதவீதம். அதே ஏற்பியை அடைக்கும் செடுக்சிமாபை அமெரிக்காவில் இதேபோல் சேர்த்துப் பார்த்தபோது பலன் கூடவில்லை. ஒரு பாதையை மூடினால் செல் வேறு பாதைகளைப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதால், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று முன்கூட்டியே கணிக்கும் சோதனைகள் அவசரமாகத் தேவைப்படுகின்றன.

நல்ல திசுவிலும் ஒரு சமிக்ஞை நெடுநாள் ஓயாது. கதிர் பட்ட இடத்தில் உறங்கிக் கிடந்த டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் விழித்து, நார்த்திசுவை உருவாக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். தோல் தடிப்பதும், தாடைத் தசை இறுகி வாய் திறக்க முடியாமல் போவதும் மாதங்கள் கழித்துத் தெரியவருவது இதனால்தான். கதிர் முடிந்து வீடு திரும்பியவர், வலி இல்லையே என்று வாய் திறக்கும் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது.