சேர்ந்து செல்வோரைக் காணுங் கணக்கு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் காலைப் பிரட்டு முடிந்ததும், கொழுந்தெடுப்போர் நிரை பிடித்து மலையேறுவர். இன்ன கங்காணியின் ஆட்கள் இன்னார் என்பது கண்டார்க்கு எளிதிற் புலப்படும். ஆயின் ஒவ்வொருவரும் நின்ற இடமும் நேரமும் வெறும் எண்களாகக் கிடைப்பின், அவற்றிலிருந்து கூட்டங்களைப் பிரித்தறிவது யாங்ஙனம்?

ஒரு கணத்தில் அருகருகே நிற்றல் மட்டும் போதிய சான்றன்று. ஹற்றன் கடைத்தெருவில் தோளுரசிச் செல்வோரெல்லாம் ஒரு கூட்டத்தார் ஆகார். எத்தனை பேர், எவ்வளவு அண்மையில், எத்துணை நேரம் என்னும் மூன்றையும் வரையறுத்த பின்னரே கணக்குத் தொடங்கும். மலைநாட்டில் அண்மையை வரையறுப்பதும் எளிதன்று. பள்ளத்தாக்கின் இரு புறத்தும் நிற்போர் வரைபடத்தில் அயலவராயினும், நடக்கப் புகின் வழி நெடியது.

கணினி அறிஞர் இதற்குப் பல இலக்கணங்கள் வகுத்துள்ளனர். குறித்த ஆரமுடைய வட்டத்தினுள் அடங்கிச் செல்வோரை மந்தை என்பது ஒன்று. ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராகச் செல்லும் நீண்ட வரிசையை அவ்வட்டம் துண்டாடிவிடும். ஆதலின் 2008-இல் வகுக்கப்பட்ட இலக்கணமொன்று, அடுத்தடுத்து நிற்போரின் நெருக்கத்தையே சங்கிலியாகக் கோத்து, அதே ஆட்கள் இடையறாது குறித்த காலம் சென்றாற் கூட்டமெனக் கொண்டது. நம் பழஞ்சொல்லால் இதனைச் சாத்து எனலாம். கல்னிஸ் முதலியோர் 2005-இல் வகுத்த நகர்திரளோ, ஆட்கள் மாறினும் அடுத்தடுத்த பொழுதுகளிற் போதிய பங்கினர் பொதுவாயிருப்பின் கூட்டம் ஒன்றே என்னும்.

இது வெறுஞ் சொல்வேறுபாடன்று. 19-ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர், கங்காணியின் கீழ்ச் சிறு கூட்டங்களாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அந்நடையை எண்களாகப் பெற்றோமென வைத்துக்கொள்வோம். நகர்திரட் கணக்கு, மன்னாரிற் புறப்பட்ட கூட்டம் மாத்தளை சேர்ந்தது என்று கூறி அமையும். வீழ்ந்தோர் அதிற் புலப்படார். சாத்துக் கணக்கோ, இன்னார் இவ்விடம் வரையே உடன் சென்றனர் எனக் காட்டும். எனவே இத்தகைய ஆய்வுக்குப் பின்னையதே தக்கது.

எனினும், ஏன் சேர்ந்து சென்றனர் என்பதை எக்கணக்கும் கூறாது. பிற்காலத்தில் ஒரு கங்காணி தோட்டம் மாறியபோது அவன் ஆட்களும் உடன் மாறினர். எண்களில் அது உறவினரின் ஒருமித்த பயணம் போலவே தோன்றும். அவருள் உறவினரும் இருந்தனர் என்பது மெய்யே. ஆனால் அக்கூட்டத்தைக் கட்டியிழுத்தது துண்டு எனப்பட்ட சீட்டு. கூட்டத்தின் கடன்தொகை அதிற் குறிக்கப்பட்டிருந்தது. அதனைப் புதிய தோட்டத்தார் செலுத்தினாலன்றிப் பழைய தோட்டம் ஆட்களை விடுவிக்காது. செலுத்திய தொகை மீண்டும் அவர்கள் கடனாகவே நின்றது. அம்முறை 1921-இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.