எலெக்ட்ரானின் தற்சுழற்சி: சொல்லும் பொருளும்

அறிவியற் கலைச்சொல் ஒன்று தன் பொருளைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என ஆராய்தல் சொல்லாக்குவோர் கடன். ‘ஸ்பின்’ என்னும் எலெக்ட்ரானின் பண்பைத் தமிழில் ‘தற்சுழற்சி’ என வழங்குகின்றோம். ஆங்கு உண்மையிற் சுழல்வது யாது? அக்கருத்துப் பிறந்த வரலாறே இவ்வினாவிற்கு விடை தரும்.

1922-ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகரில் ஸ்டெர்ன், கெர்லாக் என்னும் அறிஞர் இருவர் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப் புலத்தின் வழியே செலுத்தினர்; கற்றை இரண்டாகப் பிரிந்தது. 1925-இல் லைடன் நகரத்து ஊலன்பெக், கௌட்ஸ்மிட் ஆகியோர், நிறமாலைக் கோடுகளின் பிளவை விளக்குவான் வேண்டி, எலெக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகின்றது என்றனர். ஆயின், அதனைச் சிறு கோளமாகக் கொண்டு கணக்கிடின், விளிம்பு ஒளியினும் பன்மடங்கு விரைந்து சுழலவேண்டும். சார்பியற் கொள்கை அதற்கு இடந்தராது. 1927-இல் பௌலி, கோள உருவத்தை விடுத்து, ஈருறுப்பு அலைச்சார்பினால் இப்பண்பைச் சமன்பாட்டிற் சேர்த்தார். அது புறத்தே நின்று சேர்த்ததேயன்றித் தானே விளைந்ததன்று.

தானே விளையுமாறு காட்டியவர் டிராக். சார்பியலில் ஆற்றலின் இருபடியே, உந்தத்தின் இருபடியோடும் நிறையின் இருபடியோடும் இயைவது. இவ்வுறவை அப்படியே அலைச்சமன்பாடாக்கின், காலத்தைப் பொறுத்து இரண்டாம் வரிசை வகைக்கெழு தோன்றும். நிகழ்தகவாகக் கொள்ள வேண்டிய அளவு குறையெண்ணாகவும் நேரும். ஆதலின் 1928-இல் டிராக் முதல் வரிசையே வேண்டும் என்றார். சார்பியலில் காலமும் இடமும் ஒருநிகரன ஆதலால், இடத்திற்கும் அதுவே விதியாயிற்று. இருபடி உறவை இவ்வாறு ஒருபடியாக்க வேண்டின், கெழுக்கள் தம்முட் பெருக்கும் முறை மாறினாற் குறியும் மாறுதல் வேண்டும். எண்களுக்கு அவ்வியல்பு இல்லை. 2-ஐயும் 3-ஐயும் எம்முறையிற் பெருக்கினும் 6 என்பதே விடை. நான்கு நிரையும் நான்கு நிரலும் உடைய அணிகளுக்கு அவ்வியல்பு உண்டு.

இதன் விளைவு வியப்பிற்குரியது. புறவிசை தாக்காத எலெக்ட்ரானிலும் இயக்கத்தால் வரும் கோண உந்தம் மட்டும் மாறாது நிற்பதில்லை. பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்து வந்ததிற் பாதியளவினதாகிய மற்றொன்று கூடிய வழியே மொத்தம் மாறாது நிற்கும். அந்த மற்றொன்றே தற்சுழற்சி. அதன் காந்தத் திறன், அதே கோண உந்தமுடைய பாதை இயக்கத்திற்கு உரியதினும் இருமடங்காக இருத்தல் வேண்டும் என நிறமாலை ஆய்வு முன்னரே உணர்த்தியிருந்தது. அதுவும் இச்சமன்பாட்டினின்றே கிடைத்தது.

அங்ஙனமாயின் தற்சுழற்சி சார்பியலின் பயனோ? பலரும் அவ்வாறே எழுதுவர். ஆனால் 1967-இல் லெவி-லெப்லான் என்பார், சார்பியல் கலவாத ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை முதல் வரிசையாக்கினும் அப்பாதியளவும் அவ்விருமடங்கும் கிடைத்தலை நிறுவினார். எனவே தற்சுழற்சியின் வேர், வெளியைத் திருப்பும்போது அலைச்சார்பு மாறும் முறையில் உள்ளது. 360 பாகை திருப்பின் அதன் குறி மாறும். 720 பாகை திருப்பினாலன்றிப் பழைய நிலை எய்தாது. சார்பியல் சேர்ந்ததனாற் சிறப்பாக விளைந்தது எதிர்த்துகள் என்னும் கருத்தே. 1932-இல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டு அதனை மெய்ப்பித்தார்.

இனி, சொல்லுக்கு வருவாம். ‘தன்’ என்னும் பகுதி பொருந்துவதே. அப்பண்பு எலெக்ட்ரானுக்கே உரியது. ‘சுழற்சி’ என்பதோ உவமையாகுபெயர். ‘பாவை வந்தாள்’ என்றவழி மரப்பாவை நடந்து வந்ததெனக் கொள்வார் இலர். அவ்வாறே இங்கும் பம்பரத்தை எண்ணாது கொள்வோமாயின், அச்சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. மாணவர்க்கு அதன் ஆகுபெயர்த் தன்மையை முதற்கண் உணர்த்தினாற் போதும்.