கலகமா, கிளர்ச்சியா, புரட்சியா?

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கின்றனர்; தெருவில் இந்தியில் பேசுகின்றனர்; பொருளை மட்டும் தமிழில் நம்மிடம் கேட்கின்றனர். அவ்வாறு கேட்கப்படும் சொற்களுள் ஒன்று ‘ரிபெல்லியன்’. அகராதியைப் புரட்டினால் கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி எனச் சொற்கள் வரிசையாக நிற்கும். அவை யாவும் ஒருபொருட் சொற்களல்ல. அவற்றுள் எதனைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோமோ, அதுவே அவன் உள்ளத்தில் வரலாறாக நிலைத்துவிடும். ஆதலின் இத்திங்கள் இச்சொல்லைச் சிறிது ஆராய்வோம்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ‘பெல்லம்’ என்றால் போர். ‘ரி’ என்பது ‘மீண்டும்’ எனப் பொருள்படும் முன்னொட்டு. தோற்று அடங்கியவர் மறுபடியும் போர் தொடுத்தல் என்பதே மூலப்பொருள். அஃதாவது, இச்சொல் வென்றவன் வாயில் பிறந்த சொல். எழுந்தவனை அது பேச விடுவதில்லை.

இதற்கு அண்டை அயலாரும் உண்டு. படையிலோ கப்பலிலோ பணிபுரிவோர் ஒன்றுகூடி மேலதிகாரியின் ஆணையை மறுப்பது ‘ம்யூட்டினி’. அரசையே எதிர்த்து ஆயுதம் தாங்குவது ‘ரிபெல்லியன்’. ஆட்சிமுறையே தலைகீழாக மாறுவது ‘ரெவல்யூஷன்’. சுழலுதல், உருளுதல் என்பது அதன் வேர்ப்பொருள். நம் ‘புரட்சி’யும் புரளுதலின் அடியாகப் பிறந்ததே. இரு மொழிகளும் ஒரே உவமையைக் கண்டது வியப்பன்றோ!

அகராதி இவ்வளவில் நின்றுவிடும்; உலக வழக்கு நிற்பதில்லை. இங்கிலாந்தின் கதையையே பார்ப்போம். 1685-ஆம் ஆண்டு மான்மத் கோமகன் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை எதிர்த்துப் படை திரட்டினார், செட்ஜ்மூரில் தோற்றார், தலை இழந்தார். அதற்கு ‘ரிபெல்லியன்’ என்று பெயர். மூன்றே ஆண்டுகளில், 1688-இல், ஆரஞ்சு வில்லியம் ஹாலந்திலிருந்து படையோடு வந்திறங்கினார். அதே மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். அதற்கோ ‘மகோன்னதப் புரட்சி’ என்று பெயர்! வெற்றி ஒன்றே இதற்குக் காரணம் என்பதும் முற்றும் சரியன்று. மறுவருடமே பாராளுமன்றத்தின் உரிமைகள் சட்டமாயின. எனினும், வில்லியம் தோற்றிருந்தால் அவர் பெயரும் மான்மத்தின் பெயருக்கு அருகிலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

நம் நாட்டிற்கு வருவோம். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறி கூடாது என்ற ஆணையே பொறியாயிற்று. ஆணையை மறுத்த அளவில் அது ‘ம்யூட்டினி’. கோட்டையில் திப்புவின் கொடி ஏறியபொழுது அது ‘ரிபெல்லியன்’ ஆயிற்று. ஆற்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே அதனை அடக்கியது. ஆயினும் தலைப்பாகை ஆணை நீக்கப்பட்டது. சென்னை ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். அடக்கியவர்களே குறையை ஒப்புக்கொண்டனர் எனலாம். ஆங்கில ஏடுகளில் மட்டும் அது ‘ம்யூட்டினி’யாகவே நின்றுவிட்டது.

1857-இன் நிலையும் இதுவே. ஆங்கிலேயர் ‘சிப்பாய்க் கலகம்’ என்றனர். 1909-இல் சாவர்க்கர் தம் நூலில் அதனைச் சுதந்திரப் போர் என்றார். 1957-இல், நூற்றாண்டையொட்டி மைய அரசுக்காக வரலாறு எழுதிய சுரேந்திரநாத் சென், எப்பக்கமும் சாயாது ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு’ என்று ஆண்டையே நூலுக்குத் தலைப்பாக்கினார். வடநாட்டு மக்கள் அதனைக் ‘கதர்’ என்பர். நாம் உடுக்கும் கதரோடு குழப்பிக்கொள்ள வேண்டா! கலகம் என்னும் பொருளுடைய அந்த உருதுச் சொல்லையே, 1913-இல் அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர் தம் விடுதலைக் கட்சிக்கும் பத்திரிகைக்கும் பெயராகச் சூட்டிக்கொண்டனர். பழிச்சொல் பட்டப்பெயர் ஆயிற்று.

1946 பிப்ரவரியில் பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைத் தளத்து மாலுமிகள், உணவின் இழிவையும் அதிகாரிகளின் ஏச்சையும் பொறாது பணியை நிறுத்தினர். தம் செயலை அவர்கள் ‘வேலைநிறுத்தம்’ என்றனர்; தம் குழுவுக்கும் அவ்வாறே பெயரிட்டனர். அரசோ ‘ம்யூட்டினி’ என்றது. முன்னது பேச்சுவார்த்தைக்கு இடந்தரும் சொல். பின்னது தண்டனைக்கு வழிகாட்டும் சொல்.

ரயில்வேக் குமாஸ்தாக்களாகிய நமக்கு இது புதிதன்று. கோப்பின்மேல் எழுதும் தலைப்பே அது எந்த மேசைக்குப் போகும் என்பதை முடிவு செய்கிறது. ‘முறையீடு’ என்று எழுதினால் ஒரு மேசை. ‘கீழ்ப்படியாமை’ என்று எழுதினால் வேறொரு மேசை. உள்ளே இருக்கும் தாள் ஒன்றேதான்.

பிள்ளைகளுக்காக ஓர் இலக்கணக் குறிப்பு: கலகக்காரனைக் குறிக்கையில் ‘ரெபல்’ என முதலசையை அழுத்தியும், கலகம் செய்தலைக் குறிக்கையில் ‘ரிபெல்’ என ஈற்றசையை அழுத்தியும் சொல்ல வேண்டும், இரண்டிற்கும் எழுத்து ஒன்றே. யாரை எதிர்த்து என்று கூறும்போது பின்னால் ‘அகெயின்ஸ்ட்’ வரும்.

தமிழில் நாம் கொள்ளத்தக்க முறை யாது? பொதுவாக ‘கிளர்ச்சி’ என்போம். அது எவர் பக்கமும் சாயாதது. ஆட்சிமுறையே மாறினால் ‘புரட்சி’ என்போம். நோக்கமற்ற அடிதடிக்குக் ‘கலகம்’ என்பதை ஒதுக்குவோம். அதையும் முற்றிலும் இழிவாகக் கருத வேண்டியதில்லை. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்பது நம் முன்னோர் மொழியன்றோ!

இன்னொன்றும் கூற வேண்டும். ‘ஏன்?’ என்று கேட்கும் பிள்ளையைச் சில வீடுகளில் ‘இவன் ஒரு ரெபல்’ என்று விருந்தினர் முன் அறிமுகம் செய்கின்றனர். அன்பர்களே, கேள்வி வேறு, கலகம் வேறு. அவனுக்கு அப்பெயரை இடுமுன் அவன் குறையை ஒருமுறை கேளுங்கள். வேலூர்க் கோட்டையில் அதனை முன்னதாகக் கேட்டிருந்தால் அத்தனை உயிர்கள் மாண்டிரா.