காற்றுக்குச் செலுத்தும் கப்பம்

மாதம் பிறந்ததும் மோட்டார் வைத்திருக்கும் குடும்பங்களில் பெட்ரோல் கணக்குப் பார்ப்பது வழக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டதற்கு இவ்வளவு, உறவினர் கலியாணத்துக்குப் போய் வந்ததற்கு இவ்வளவு என்று பற்று எழுதுகிறோம். ஆனால் ஒருவர் பெயர் மட்டும் அந்தக் கணக்கில் ஏறுவதேயில்லை. கேளாமலே வந்து தம் பங்கை வாங்கிக்கொண்டு போகிறவர் அவர். அவர்தாம் வாயு பகவான்.

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. சுமார் 1,300 கிலோ எடையுள்ள ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். நல்ல சாலையில் அதன் டயர்கள் உருள்வதற்கு உண்டாகும் தடை ஏறக்குறைய 13 கிலோ பாரத்துக்குச் சமம். வேகம் கூடினாலும் இந்தத் தடை அதிகமாக மாறுவதில்லை. காற்றின் சமாசாரம் வேறு. மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் அது காரைச் சுமார் எட்டரைக் கிலோ பாரத்தோடு எதிர்க்கிறது. 100 கிலோ மீட்டரில் 34 கிலோ பாரத்தோடு எதிர்க்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு! நெடுஞ்சாலையில் பறக்கும்போது சக்கரங்களுக்கு வந்து சேரும் சக்தியில் பாதிக்கு மேல் இந்தக் கப்பத்துக்கே போய்விடுகிறது.

இந்தக் கப்பத்தைக் குறைக்க முடியுமா? பெரிய தொழிற்சாலையும் பெரு மூலதனமும் இல்லாமல், தகடும் மரச்சட்டமும் கொண்டு குறைக்க முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்காவிலே நடந்த ஒரு வரலாறு சான்று கூறுகிறது.

1973-ஆம் வருஷம். எண்ணெய் நெருக்கடியால் உலகம் திணறிய காலம். காலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியிலுள்ள எட்வர்ட்ஸ் என்னுமிடத்தில் நாஸாவின் விமானப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே இஞ்சினீயராக இருந்தவர் எட்வின் சால்ட்ஸ்மன். அவர் ஒரு நாள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது பெரிய லாரி ஒன்று அவரைக் கடந்து சென்றது. லாரியின் முகப்பு நெருங்கியதும் காற்று அவரைச் சாலை ஓரத்துக்குத் தள்ளியது. லாரி கடந்து போகையில் அதே காற்று அவரை லாரிப் பக்கமாக இழுத்தது. நம் ஊர்ச் சாலைகளில் சைக்கிள் விடுகிறவர்களுக்கு இது தினந்தோறும் நேரும் அநுபவந்தான். நாம் லாரிக்காரனை வைதுவிட்டு மேலே போகிறோம். சால்ட்ஸ்மனோ யோசனையில் ஆழ்ந்தார். விமானத்துக்காகத் தாம் ஆராயும் காற்று இந்த லாரியை எவ்வளவு பாடுபடுத்த வேண்டும், அதற்காக எவ்வளவு எண்ணெய் வீணாக வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அவரும் அவருடைய சகாக்களும் ஒரு டெலிவரி வானை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சுற்றிச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடு பொருத்தி, எல்லா மூலைகளும் கூராக இருக்கும்படி சப்பாத்துப் பெட்டியைப் போல ஆக்கினார்கள். பார்க்க விகாரந்தான், ஆனால் பரிசோதனைக்கு அதுவே ஆரம்பம். பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்து உருட்டினார்கள். செங்குத்தான மூலைகளை மட்டும் உருட்டியதிலேயே காற்றுத் தடை நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. கிடை மூலைகளையும் உருட்டியதும் நூற்றுக்கு 54 பங்கு குறைந்தது. இதற்காக வானின் உள்ளே இழந்த இடம் நூற்றுக்கு 3 பங்குதான்! பிறகு வண்டியின் அடிப்பக்கத்தை வழுவழுப்பாக மூடியும், பின்னால் படகின் பிற்பகுதி போலக் குறுகும் வால் ஒன்றைச் சேர்த்தும் பரிசோதித்தார்கள். பின்னர் பெரிய லாரிகளிலும் இந்த யுக்திகளைக் கையாண்டார்கள்.

வால் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காற்றைக் கிழிக்க முன்புறம் கூராக இருந்தால் போதும் என்றே அநேகர் நினைக்கிறோம். மீனைப் பாருங்கள். அதன் தலைப்பக்கம் பருத்தும் வால்பக்கம் மெலிந்தும் இருக்கிறது. முன்னே விலகிய காற்று பின்னே வந்து அமைதியாகக் கூட வேண்டும். பின்புறம் சட்டென்று முடிந்துவிட்டால் காற்றால் கூட முடிவதில்லை. அங்கே அழுத்தம் குறைந்து சுழல்கள் உண்டாகின்றன. அந்தக் குறைந்த அழுத்தமே வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஜெர்மனியில் ஸெப்பலின் ஆகாயக் கப்பல்களை அமைப்பதில் ஈடுபட்டிருந்த பால் யாரே என்பவர் இந்த உண்மையை மோட்டாருக்குக் கொண்டு வந்தார். 1934-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வெளிவந்த டாட்ரா 77 என்ற கார் அவருடைய கொள்கைப்படி அமைந்ததே. நீண்ட வாலைத் தக்க இடத்தில் வெட்டிவிட்டாலும் பலன் பெரும்பாலும் கெடாது என்று ஸ்டட்கார்ட் பேராசிரியர் வூனிபால்டு காம் அதே பத்தாண்டுகளில் காட்டினார்.

இந்தச் சாஸ்திரத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கையாளுகிறவர்கள் இன்று அமெரிக்காவில் உண்டு. விளம்பரப் பலகைக்கு உதவும் பிளாஸ்டிக் அட்டையால் காரின் அடிவயிற்றை மூடுகிறார்கள். பின் சக்கரங்களுக்குத் திரை கட்டுகிறார்கள். முன்புறச் சல்லடையில் பாதியை அடைக்கிறார்கள். அலுமினியச் சட்டத்தில் வால் செய்து மாட்டுகிறார்கள். 1992-ஆம் வருஷத்து ஹோண்டா சிவிக் காரை இவ்விதம் மாற்றியமைத்த ஒருவர், நெடுஞ்சாலை வேகத்தில் லிட்டருக்குச் சுமார் 40 கிலோ மீட்டர் போனதாகக் கூறியிருக்கிறார்.

அவர்களுடைய வால்களைவிட நம் மனத்தைக் கவர்வது அவர்களுடைய பரீட்சை முறை. காரின் மேல் சிறு கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டிவிட்டு, ஓடும்போது கவனிக்கிறார்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகச் செல்கிறது. நூல் கூத்தாடினால் அங்கே சுழல் இருக்கிறது. ஜன நடமாட்டமற்ற சமதரைப் பாதையில், காற்றடிக்காத வேளையில், கியரை நீக்கிக் காரைத் தானாக உருள விட்டு, வேகம் இவ்வளவு குறைய எத்தனை விநாடி ஆகிறது என்று இரு திசையிலும் கணக்கிடுகிறார்கள். அதிக விநாடி உருண்டால் தடை குறைந்தது என்று அர்த்தம்.

இந்தப் பரீட்சை இல்லாவிட்டால் கண்ணும் அறிவும் நம்மை ஏமாற்றிவிடும். திறந்த பின்தொட்டியுள்ள பிக்கப் வண்டியில் பின்கதவை இறக்கிவிட்டால் காற்று தடையின்றிப் போகும், எண்ணெய் மிஞ்சும் என்று அங்கே வெகு நாள் நம்பினார்கள். கதவு மூடியிருக்கும்போதுதான் தொட்டிக்குள் ஒரு சுழல் நிலைபெறுகிறது என்றும், மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிச் செல்கிறது என்றும் சோதனைகளில் தெரிய வந்தது. அப்படியே, கடைகளில் அழகுக்காக விற்கும் இறக்கைகளைக் காரின் முதுகில் மாட்டிக்கொள்வதாலேயே மிச்சம் உண்டாகிவிடாது. சில சமயம் கப்பம் கூடவும் செய்யும்.

ஆகவே, நாமும் நாளைக்கே காருக்கு வால் ஒட்டலாமா? அவசரம் வேண்டாம். நகரத்துக்குள் நின்று நின்று ஊர்ந்து போகும் காருக்கு வாலால் பிரயோஜனம் மிகச் சொற்பம். நம் ஊர் வெயிலில் சல்லடையை அடைத்தால் இஞ்சின் கொதித்துவிடும் அபாயம் உண்டு. சரியாகப் பொருத்தாத தகடு கழன்று பின்னால் வருகிறவர்மேல் விழலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவான வண்டியைத் தயாரித்தவரின் விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியிருக்கிறது.

ஆனால் சட்டம் தடுக்காத, காசு செலவில்லாத திருத்தங்கள் உண்டு. கோடை விடுமுறைக்குப் பெட்டிகளை ஏற்றுவதற்காகக் கூரைமேல் மாட்டிய காரியர், ஐப்பசி மாதத்திலும் வெறுமையாக அங்கேயே இருப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். அதைக் கழற்றி வைப்பது முதல் திருத்தம். வேகமாகச் செல்கையில் கண்ணாடிகளை ஏற்றிவிடுவது இரண்டாவது. மூன்றாவது திருத்தம் வலக்காலில் இருக்கிறது. 100 கிலோ மீட்டர் வேகத்தை 80-ஆகக் குறைத்தால், நாம் மேலே சொன்ன காரில் காற்றின் பாரம் 34 கிலோவிலிருந்து 22 கிலோவாக இறங்குகிறது. டயர்த் தடையையும் சேர்த்துப் பார்த்தால் இழுக்க வேண்டிய மொத்தப் பாரத்தில் நாலில் ஒரு பங்கு மிச்சம். நூறு கிலோ மீட்டர் பிரயாணத்தில் இதற்குக் கொடுக்கும் விலை கால் மணி நேரம்.

நம் தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் அயல் நாடுகளிலிருந்தே கப்பலேறி வருகிறது. அப்படி வந்ததை நாம் காற்றுக்குக் கப்பமாகக் கட்டுகிறோம். அந்நியருக்குக் கப்பம் கட்ட மறுத்தவர்களின் கதையைப் பெருமையோடு பேசும் நாம், இந்தக் கப்பத்தையும் சற்றுக் குறைத்துக் கட்டினால் என்ன? வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காருக்கு அருகே போய், கூரைமேல் வீணாக என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கழற்ற வேண்டியதைக் கழற்றுவோம். அடுத்த மாதக் கணக்குப் புஸ்தகம் பலனைச் சொல்லும்.