70 கொண்டை ஊசி வளைவு, ஓயாத பஸ் இரைச்சல்! இயர்பட்ஸ் வாங்குவோர் உஷார்

ஆலத்தூர் நாடு:-

கொல்லிமலை பஸ்களில் இப்போது பத்து வாலிபர் ஏறினால் பாதிப்பேர் காதில் வயர் இல்லாத 'இயர்பட்ஸ்' இருக்கிறது. கல்லூரி மாணவிகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், மிளகு மூட்டையோடு சந்தைக்குப் போகும் விவசாயிகள் என்று யாரும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

பஸ் இரைச்சலில் இருந்து தப்பிக்கத்தான் இதை வாங்குகிறார்கள். ஆனால் தப்பான கருவியை வாங்கினால் காது கெடும். சரியான கருவியையே தப்பான இடத்தில் போட்டால் உயிர் போகும்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

மலை இறங்காமல் முடியாது

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 'நாடு' ஊராட்சிகளில் ஆலத்தூர் நாடும் ஒன்று. மிளகு, காபி, பலா, அன்னாசி என்று விளைச்சலுக்குக் குறைவு இல்லை. ஆனால் மேல்படிப்பு, கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி, மொத்த வியாபாரம் என்றால் கீழே நாமக்கல்லுக்கோ, ராசிபுரத்துக்கோ, சேலத்துக்கோ போயாக வேண்டும்.

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே வரும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு டிரைவர் கியரைக் குறைக்க வேண்டும். என்ஜின் உறுமும். ஹாரன் அலறும். சன்னல் கண்ணாடி கடகடக்கும். பின்சீட்டில் ஒருவர் செல்போனில் சினிமா பார்ப்பார், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி!

இந்தத் தொல்லை இங்கே மட்டும் இல்லை. பஸ்சில் செல்போனைச் சத்தமாக வைத்துப் பாட்டுக் கேட்கக் கூடாது என்று கர்நாடக அரசு போக்குவரத்துக் கழகம் 2021 நவம்பரில் தடை போட்டது. இரவு 10 மணிக்கு மேல் ரெயிலில் சத்தமாகப் பாட்டுப் போடுவதற்கு எதிராக ரெயில்வேயும் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. அந்த வகையில், காதில் கருவி மாட்டிக் கேட்பது பக்கத்து சீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதை.

காதுக்கு வரும் ஆபத்து

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஓடும் பஸ்சுக்குள் இரைச்சல் 80 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் செல்போனின் சத்தத்தை இன்னும் ஏற்ற வேண்டும். அங்கேதான் ஆபத்து உட்கார்ந்து இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம்! அதாவது வாரம் முழுவதற்கும் 20 நிமிடம். மலை ஏறி முடிப்பதற்குள் அந்த வாரத்துக் கணக்குத் தீர்ந்து விடும்.

உட்காதில் சத்தத்தை உணரும் மெல்லிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைக்காது. பஸ்சை விட்டு இறங்கிய பிறகும் காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால், சத்தம் அளவுக்கு மீறி விட்டது என்று அர்த்தம். உலகம் முழுவதும் 110 கோடி இளைஞர்கள் இந்த ஆபத்தின் விளிம்பில் இருப்பதாக 2015-ம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

ஆகவே எந்தக் கருவியில் பாட்டு அதிகச் சத்தமாகக் கேட்கும் என்று பார்த்து வாங்கக் கூடாது. எந்தக் கருவியைப் போட்டால் சத்தத்தைக் குறைத்து வைத்தாலே பாட்டு கேட்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு வங்காளியின் மூளை

வெளி இரைச்சலைக் கருவியே அமுக்கி விடுவதுதான் 'நாய்ஸ் கேன்சலிங்'. இதை மக்கள் கைக்குக் கொண்டு வந்ததில் ஒரு வங்காளி ரத்தத்துக்குப் பங்கு உண்டு.

வெள்ளைக்காரப் போலீசுக்குத் தப்பி அமெரிக்கா போன வங்காள விடுதலைப் போராட்ட வீரரின் மகன் அமர் போஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர். 1978-ல் சூரிச்சில் இருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் என்ஜின் இரைச்சல்தான் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்து விட்டார்!

அவருடைய கம்பெனியின் சோதனைக் கருவிகள் 1986-ல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய 'வாயேஜர்' விமானத்தில் போயின. 1989-ல் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. 2000-ல் சாதாரணப் பயணிகள் கைக்கும் வந்தது. அமர் போஸ் 2013-ல் காலமானார். அன்று விமானிகள் மட்டும் மாட்டிய கருவியின் தம்பிதான் இன்று நாமக்கல் செல்போன் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

வேலை செய்வது எப்படி?

கருவியின் வெளிப்பக்கம் ஒரு குட்டி மைக் இருக்கும். அது வெளி இரைச்சலைக் கேட்கும். அந்த ஒலி அலைக்கு நேர் எதிரான அலையைக் கருவி உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரை ஆகிறது அல்லவா? அதுபோல இரண்டு அலையும் மோதி அடங்கி விடும்.

பஸ் என்ஜினின் உறுமல், ரெயிலின் தடதடப்பு, மின்விசிறிச் சத்தம் போன்ற ஒரே சீரான கனத்த சத்தத்தை இது நன்றாக அமுக்கும். குழந்தை அழுகை, கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுப் பேச்சு போன்ற திடீர்ச் சத்தங்களை அவ்வளவாக அமுக்காது. அவற்றைக் குறைப்பது காதை அடைக்கும் ரப்பர்தான்.

ஒரு எழுத்தில் ஏமாற்றம்!

கடைகளில் ஜனங்கள் ஏமாறும் இடம் இதுதான். "அண்ணா, பஸ் சத்தம் கேக்காத மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பார்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் பெட்டியில் கொட்டை எழுத்தில் 'ஈ.என்.சி.' என்று போட்டிருக்கும். 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்ற வார்த்தையும் அதிலேயே இருக்கும். வாங்கியவர் சந்தோஷமாகப் பஸ் ஏறுவார். இரைச்சல் அப்படியே கேட்கும்!

காரணம் என்ன? 'ஈ.என்.சி.' என்பது மைக்குக்கு உரியது. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றி உள்ள இரைச்சல் எதிர்முனைக்காரருக்குப் போகாமல் குறைக்கும். உங்கள் காதுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்கள் காதுக்குள் இரைச்சல் குறைய வேண்டும் என்றால் 'ஏ.என்.சி.' என்று இருக்க வேண்டும். ஒரு எழுத்துதான் வித்தியாசம். எந்நேரமும் வியாபாரி போன் பேசுகிறவர் 'ஈ.என்.சி.' பார்க்கலாம். பயணத்தில் நிம்மதி வேண்டுபவர் 'ஏ.என்.சி.' பார்க்க வேண்டும். சில கருவிகளில் இரண்டும் உண்டு.

யாருக்கு எது?

இயர்பட்ஸ்: சட்டைப் பையில் அடங்கும். ஒவ்வொன்றும் சில கிராம் எடைதான். ஆனால் வளைவில் பஸ் குலுங்கும்போது ஒன்று கழன்று சீட்டுக்கு அடியில் உருண்டால் போச்சு! மலிவு விலைச் சரக்குகளில் ஒற்றைக் கருவி தனியாகக் கிடைப்பது அபூர்வம். கூட்டத்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது தலைவலி.

நெக் பேண்ட்: கழுத்தில் மாலை போலக் கிடக்கும். காதில் இருந்து நழுவினாலும் தொலையாது. தனியாகச் சார்ஜ் பெட்டி தூக்க வேண்டாம். இயர்பட்சை விட அதிக நேரம் சார்ஜ் நிற்கும். தினசரி பஸ் பயணிகளுக்கு இதுவே தோது.

பெரிய ஹெட்போன்: காதை முழுவதும் மூடும். துவாரத்துக்குள் எதுவும் போகாததால் நீண்ட பயணத்துக்குச் சுகம். மலைக் குளிருக்குக் கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் நாமக்கல் வெயிலில் இறங்கினால் காது வேர்த்து ஊற்றும். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு அழுந்தி வலிக்கும்.

காதைத் திறந்து வைக்கும் வகை: இதில் சில கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும். தோட்டத்துப் பாதையில் நடக்கிறவருக்கு நல்லது. வெளிச் சத்தமும் கேட்கும். ஆனால் பஸ்சுக்கு ஆகாது. இரைச்சலை அடைக்காததால் பாட்டுச் சத்தத்தை ஏற்றத்தான் தோன்றும்.

ரப்பர் அளவு முக்கியம்

இயர்பட்ஸ் பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி ரப்பர் இருக்கும். பலர் மாட்டி வந்ததையே மாட்டிக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்து விடுகிறார்கள். தப்பு! வலது காதும் இடது காதும்கூட ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிப் பாருங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். கழன்றால் பெரிய ரப்பர் வேண்டும். கால் மணி நேரத்தில் வலித்தால் சின்ன ரப்பர் வேண்டும். பாட்டில் தவில், டிரம் சத்தம் மெலிந்து கேட்டால் ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்று அறியலாம். 'ஏ.என்.சி.' கருவிக்கு எவ்வளவு விலை கொடுத்து இருந்தாலும் ரப்பர் அடைக்காவிட்டால் காசு வீண்.

மலையில் காது அடைப்பது ஏன்?

மலைப்பாதைக்கு என்று ஒரு தனிச் சங்கதி உண்டு. கொல்லிமலையின் மேல் பகுதி கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கும் அதிக உயரம். அடிவாரத்தில் இருந்து மேலே போவதற்குள் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்து விடும். அதனால்தான் காது அடைத்து 'டப்' என்று திறக்கிறது.

மூக்குக்குப் பின்னால் இருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். ரப்பர் இறுக்கமாக அடைத்து இருந்தால் வெளித் துவாரத்தில் காற்று சிக்கிக்கொள்ளும். அடைப்பும் வலியும் கூடும். எனவே ஏறும்போதும் இறங்கும்போதும் சில வளைவுக்கு ஒரு முறை கருவியைக் கழற்றி, எச்சில் விழுங்கி, மறுபடி மாட்டுவது நல்லது. சளி பிடித்தவர்கள் மலை இறங்கும்வரை மாட்டாமலே இருக்கலாம்.

மழைக்கும் ஒரு எண் உண்டு. 'ஐ.பி.எக்ஸ். 4' என்றால் வியர்வை, சாரல் தாங்கும். 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். இந்தக் கணக்கு கருவிக்குத்தான். சார்ஜ் பெட்டிக்கும் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

13 குழந்தைகள் பலி

இதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து வருபவர்களுக்கு. வண்டி ஓட்டுகிறவருக்கு இதில் ஒன்றும் ஆகாது!

2018-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி உத்தரப்பிரதேச மாநிலம் குஷிநகரில் ஆள் இல்லாத ரெயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரெயில் மோதியது. 13 குழந்தைகள் பலியானார்கள். வேன் டிரைவர் காதில் இயர்போன் மாட்டி இருந்ததாக அப்போது புகார் எழுந்து நாட்டையே உலுக்கியது.

கொல்லிமலையின் 70 வளைவிலும் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் சத்தம்தான் கண்! இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஹாரன் கேட்டால்தானே ஒதுங்க முடியும்? ஹெல்மெட்டுக்குள் இயர்பட்ஸ் மாட்டி, பாட்டையும் ஓட விட்டு மலை ஏறும் பைக் வாலிபர்கள் இதை யோசிக்க வேண்டும். கையில் செல்போன் பிடித்தபடி ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு முதல் முறையே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ, சிறைத் தண்டனையோ உண்டு என்கிறது.

நடந்து போகிறவருக்கும் இதுதான். சேலத்திலோ சென்னையிலோ ரெயில் தண்டவாளத்தை அத்துமீறிக் கடந்தால் ரெயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம். காதில் இயர்பட்சும் இருந்தால் அபராதம் கட்ட ஆள் இருப்பாரா என்பதே சந்தேகம்.

பில் கேட்டு வாங்குங்கள்

புளூடூத் ஹெட்போன், இயர்போன்கள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ள பொருட்கள். பெட்டியிலோ கருவியிலோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாட்பாரத்துப் போலிச் சரக்கில் உள்ள பேட்டரியை நம்பிக் காதில் வைக்க முடியாது.

பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி கிடையாது. வாரண்டி இருந்தும் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

டவர் கிடைக்காத வளைவில் பாட்டு நின்று விட்டால் கருவி ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். புளூடூத்துக்கு டவர் தேவை இல்லை. அடிவாரத்திலேயே பாட்டுகளைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒருவர் கருவியை இன்னொருவர் மாட்டவும் வேண்டாம், காதுச் சீழும் கூடவே வரும்.

இறங்க வேண்டிய ஸ்டாப் வருவதற்கு முன்பே கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து விடுங்கள். கண்டக்டர் விசிலும், பின்னால் வரும் லாரியின் ஹாரனும் அப்போதுதான் கேட்கும்.