நாய்க்குட்டியைப் பெட்டியில் பழக்கும் முறை

தோட்டத்திற்குக் காவலாகவும் வீட்டிற்குத் துணையாகவும் நாய் வளர்ப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய ஊர்களின் பெயராலேயே வழங்கும் நாய் வகைகள் நம்மிடம் உண்டு. அவற்றுள் இராசபாளையம் நாயின் உருவம் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது. பெயர் பெற்ற வகையாயினும், தெருவில் பிறந்த நாட்டு நாயாயினும், குட்டிப் பருவத்தில் அதற்குப் பொறுமையுடன் அளிக்கும் பழக்கமே பிற்கால நற்குணத்திற்கு அடிப்படை. அப்பழக்கங்களுள் ஒன்று, தனக்கென அமைந்த பெட்டியில் அமைதியாகத் தங்கப் பழகுவது. அதன் முறையை அங்கத்தினர்களுக்கு இங்கு எடுத்துரைப்போம்.

பெட்டி எதற்கு?

பல் முளைக்கும் பருவத்தில் குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். சங்கத்தில் எடை போட்டு வாங்கிய நூலுக்கு எடை போட்டே கணக்குக் கொடுக்க வேண்டியவர் நெசவாளர். அவர் வெளியே சென்ற சிறுபொழுதில் குட்டி தறிக்குழியில் இறங்கிப் பாவைக் கடித்து இழுத்துவிட்டால், அறுந்த இழைகளை முடிவதிலேயே அன்றைய வேலை கெடும்.

நூல் நட்டத்தினும் பெரியது உயிர் நட்டம். குட்டி விழுங்கிய நூல் நாவின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டால், மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அந்த நூலின் மீது சுருங்கிச் சுருங்கி மடியும். இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடும். ஆகையால் நூல் விழுங்கிய குட்டியின் வாயிலோ ஆசனவாயிலோ நூல்முனை தொங்கக் கண்டால் அதனைப் பிடித்து இழுத்தல் ஆகாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். விவசாயியின் வீட்டிலோ எலிமருந்து கலந்த பண்டமும், பூச்சிமருந்துப் புட்டியும் இதே ஆபத்தை விளைவிக்க வல்லவை. நம் கண் குட்டியின் மேல் இல்லாத நேரத்தில் அதனைக் காப்பதே பெட்டியின் பயன்.

குட்டி ஏன் அழுகிறது?

எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. அதுவரை அது தாயின் மடியிலும் உடன்பிறந்த குட்டிகளின் சூட்டிலும் உறங்கியது. திடீரென்று ஒருநாள் இரவு அந்நிய வீட்டில் தனியே விடப்பட்டால் அது கத்துவது இயல்பே. தாயைப் பிரிந்த குட்டி குரல் கொடுப்பது தன் உயிரைக் காத்துக்கொள்ள இயற்கை கொடுத்த வழி. இதனைப் பிடிவாதம் என்று கருதி அடிப்போரும் உளர். அடிபட்ட குட்டிக்குத் தனிமையின் அச்சத்தோடு எசமானின் அச்சமும் சேர்ந்துகொள்ளுமேயன்றி அமைதி பிறவாது. இரவு முழுவதும் கத்தட்டும் என்று விட்டுவிடுவதும் தவறு. பெட்டி என்றாலே துன்பம் என்று அது கற்றுக்கொள்ளும். கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது போல முதல் நாளே குட்டியைப் பெட்டிக்குள் அடைத்தல் கூடாது.

பெட்டியின் அமைப்பு

நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருத்தல் வேண்டும். அதற்கு மேல் மிகப் பெரிதாயின் ஒரு மூலையில் உறங்கி மறு மூலையில் அசுத்தம் செய்யும். மூன்று வாரம் கடந்த குட்டி, தான் உறங்கும் இடத்தை விட்டு விலகிச் சென்றே மலசலம் கழிக்க முயலும். இவ்வியல்பே நமக்குத் துணை. வளர்ந்தபின்னும் உதவும்படி பெரிய பெட்டி செய்வோர், நடுவில் ஒரு பலகையைத் தடுப்பாக வைத்து, குட்டி வளர வளர நகர்த்திக்கொள்ளலாம்.

பக்கங்களில் காற்று புகும்படி சட்டங்களை இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். தலையோ காலோ சிக்கும் அளவுக்கு இடைவெளி இருத்தல் ஆகாது. ஆணி முனை எதுவும் உட்புறம் நீட்டியிருக்கக் கூடாது. நாய் மனிதனைப் போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர்வதில்லை; பெரும்பாலும் வாயைத் திறந்து இளைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆதலின் தகரக் கூரையின் கீழும் வெயில் விழும் இடத்திலும் பெட்டியை வைப்பது உயிருக்கே கேடு. குளிர்ந்த தரையும் காற்றோட்டமும் உள்ள இடமே ஏற்றது.

நெசவாளர் இல்லங்களில் கழிவு நூலையோ பழைய சாக்கையோ மெத்தையாக இடத் தோன்றும். மேற்கூறிய காரணத்தால் இவை வேண்டா. விளிம்பு மடித்துத் தைத்த தடித்த துணி போதும். அதையும் கடித்துப் பிய்க்கும் குட்டிக்கு வெறும் பலகையே நலம்.

பழக்கும் படிகள்

முதலில் பெட்டியின் கதவைத் திறந்தே வைத்து, உணவை அதனுள் வைக்க வேண்டும். குட்டி தானே நுழைந்து தானே வெளிவரட்டும். கையால் தள்ளுதல் கூடாது. அச்சமின்றி உள்ளே சென்று உண்ணத் தொடங்கியபின், உண்ணும்போது மட்டும் கதவைச் சாத்தி, உண்டு முடியுமுன்னரே திறந்துவிட வேண்டும். அடுத்து, உண்டபின் ஒரு நிமிடம். பின்னர் இரண்டு, ஐந்து, பத்து நிமிடம் என்று நேரத்தைக் கூட்டலாம். முதலில் அருகில் அமர்ந்திருந்தும், பிறகு எழுந்து நடமாடியும், அதன்பின் அடுத்த அறைக்குச் சென்றும் பழக்க வேண்டும். ஒரு படியில் குட்டி அமைதியாக இருந்தாலன்றி மறுபடிக்குச் செல்லலாகாது. சில குட்டிகளுக்கு மூன்று நாட்கள் போதும்; சிலவற்றிற்கு மூன்று வாரங்களும் ஆகலாம்.

நாளில் பதினெட்டு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் உறங்குவது குட்டியின் இயல்பு. ஓடியாடிக் களைத்து, வெளியே சென்று சிறுநீர் கழித்து வந்த குட்டியை உள்ளே விட்டால் எளிதில் உறங்கிவிடும். ஓட்டமும் விளையாட்டும் இன்றி அடைக்கப்பட்ட குட்டி அமைதி கொள்வது அரிது.

இரவில் செய்ய வேண்டியவை

முதல் சில இரவுகளில் பெட்டியை நாம் படுக்கும் இடத்தின் அருகிலேயே வைக்க வேண்டும். நம் மூச்சும் வாசனையும் அதற்கு ஆறுதல். குட்டியை வாங்கும்போதே தாய் படுத்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து உள்ளே இடுவது நல்லது. சில நாட்கள் சென்றபின் பெட்டியைச் சிறிது சிறிதாக, நிலையாக இருக்க வேண்டிய இடத்திற்கு நகர்த்தலாம்.

அழுகையின் வகையை அறிந்து நடப்பது இங்கு முக்கியம். நெடுநேரம் உறங்கிய குட்டி விழித்து முனகினால் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பொருள். பேச்சும் விளையாட்டுமின்றி வெளியே கொண்டு சென்று, முடிந்ததும் மீண்டும் உள்ளே விட வேண்டும். இரண்டு மாதக் குட்டியைப் பகலில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடைப்பது தகாது. இரவிலும் ஓரிரு முறை எழுந்தே ஆக வேண்டும். அவ்விதத் தேவை எதுவும் இன்றி, கதவு சாத்தியதும் சிணுங்கினால், அருகில் அமைதியாக இருந்து, அது ஓய்ந்த கணத்தில் கதவைத் திறக்க வேண்டும். கத்தும்போது திறந்தால் கத்தலே கதவைத் திறக்கும் என்று கற்கும். ஓயும்போது திறந்தால் அமைதியே திறக்கும் என்று கற்கும். ஆனால் எச்சில் வடிய, சட்டத்தைக் கடித்து, உடல் நடுங்கினால் அது பேரச்சம். அப்போது தாமதியாது திறந்துவிட்டு, மறுநாள் இரண்டு படி பின்சென்று தொடங்க வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகள்

தண்டனையாக ஒருபோதும் பெட்டியில் அடைத்தலாகாது. உள்ளே உறங்கும் குட்டியைச் சிறுவர் குச்சியால் சீண்டவும் விடலாகாது. அந்தப் பெட்டி அதற்கு வீடு. வீட்டினுள் தொல்லைக்குள்ளான நாயே கடிக்கப் பழகும். பதினான்கு வாரம் வரையிலான பருவத்தில் தறியின் ஓசை, மோட்டாரின் இரைச்சல், மாடு, புதிய மனிதர் ஆகியவற்றை அச்சமின்றிக் கண்டு கேட்டு வளர்ந்த நாய், பெரிதானபின் வெருளுவது குறைவு. எனினும் தடுப்பூசி முடியுமுன் தெருநாய்கள் திரியும் மண்ணில் விடுவது தகாது. பார்வோ என்னும் கழிச்சல் நோயின் கிருமி மண்ணில் பல மாதம் அழியாது நிற்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியும், பதினாறு வாரம் வரை மருத்துவர் கூறும் இடைவெளியில் அடுத்த ஊசிகளும் தேவை. மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறவே கூடாது. அதனைக் குறித்த காலத்தில் மீண்டும் போட்டு வருவது நம் பிள்ளைகளின் உயிர்க்காப்பு.

நாய் வளர்ந்து நம்பிக்கைக்குரியதானபின் கதவைக் கழற்றிவிடலாம். நன்கு பழகிய நாய் திறந்த பெட்டியைத் தானே நாடிச் சென்று படுக்கும். பகலில் அங்கே நிம்மதியாக உறங்கி எழும் நாயே இரவில் விழிப்போடு தோட்டத்தையும் தறிக்கூடத்தையும் காக்கும்.