நாய்க்கு நாய் பகையா?

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று சிறு வகுப்பிலிருந்தே கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம். அந்தக் கட்டுரைகளில் எல்லாம் நாய் மனிதரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் எழுதியிருப்போம். இன்னொரு நாயிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டோம். சோறு போட்டவரிடம் வாலைக் குழைத்துக்கொண்டு நிற்கும் அதே பிராணி, தெருமுனையில் வேறொரு நாயின் தலை தெரிந்ததும் சங்கிலி அறுந்துவிடும்படி பாய்வதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். "இது பொல்லாத நாய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அது பொல்லாத்தனம்தானா, அதை மாற்ற வழி உண்டா என்பதை இங்கே காண்போம்.

நம் பகுதிக்கு இது மிகவும் வேண்டிய விஷயம். தென்காசியையும் குற்றாலத்தையும் சுற்றி எங்கு பார்த்தாலும் தோப்புகள். காவலுக்கென்று குட்டியிலேயே கொண்டுவந்து மரத்தடியில் கட்டப்படும் நாய்கள் அங்கே உண்டு. பக்கத்து விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தங்கள் பெயரையே நாய் இனங்களுக்குக் கொடுத்த ஊர்கள். இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. இந்த நாய்களைக் கூண்டிலும் சங்கிலியிலும் வளர்ப்பவர்கள், "எஜமானைத் தவிர வேறு யாரிடமும் ஒட்டாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு நாய் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் பேச்சு இல்லை. தோப்பு கைமாறினாலோ, நாய்க்கு வயதானாலோ அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். இரக்கமுள்ள ஒரு குடும்பம் அதை வீட்டுக்கு அழைத்து வருகிறது. வீட்டுக்குள் பசுவைப் போல இருக்கும் அது, தெருவில் இறங்கியதும் புலியாகிவிடுகிறது. பிறகு என்ன ஆகும்? வெளியே அழைத்துச் செல்ல முடியாத நாய் மறுபடியும் சங்கிலிக்கே திரும்பும். இல்லையேல் ஒரு நாள் ஊர் எல்லையில் விடப்படும்.

இதற்குக் காரணம் குட்டிப் பருவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆராய்ச்சிசாலையில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் தங்கள் நூலை வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலம்தான் நாய்க்கு உலகத்தோடு உறவு ஏற்படும் காலம் என்று அவர்கள் கண்டார்கள். அந்த நாட்களில் எவற்றோடு பழகுகிறதோ அவற்றை அது தன் இனமாகவும் சுற்றமாகவும் ஏற்றுக்கொள்கிறது. அப்போது காணாதவற்றைப் பிற்காலத்தில் கண்டு அஞ்சுகிறது. அதே ஆராய்ச்சிசாலையில் நடந்து 1961இல் வெளியான ஒரு பரிசோதனையில், வேலியிட்ட வெளியில் பதினான்கு வாரம் மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு விலகி ஓடின. மனிதருக்கு இது எப்படியோ, மற்ற நாய்களுக்கும் அப்படியே. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டுச் சீக்கிரமே பிரிக்கப்பட்டுத் தனியே கட்டப்பட்ட குட்டி, நாய்ப் பாஷையைக் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்துவிடுகிறது.

இந்த வகையில் தெருநாய் கொடுத்து வைத்தது என்றே சொல்ல வேண்டும். அதன் மற்றப் பாடுகள் வேறு. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 364 தெருநாய்க் குட்டிகளைக் கவனித்து 2016இல் எழுதிய கட்டுரையின்படி, அவற்றுள் நூற்றுக்குப் பத்தொன்பது மட்டுமே வளர்ந்து பெரிதாகும் வயதை எட்டின. ஆனால் பிழைத்த குட்டிகள் தாயோடும் கூட்டத்தோடும் உருண்டு புரண்டு வளர்ந்தவை. எப்போது விலகுவது, எப்போது வாலைத் தாழ்த்துவது என்பது அவற்றுக்குத் தெரியும். சங்கிலியில் வளர்ந்த உயர்சாதி நாய்க்குத் தெரியாத மரியாதையெல்லாம் பேருந்து நிலையத்து நாய்க்குத் தெரிந்திருக்கிறது!

ஆகவே பாய்ந்து குரைக்கும் நாய் பெரும்பாலும் பயந்த நாயே. "நீ போய்விடு" என்பதுதான் அதன் குரைப்புக்குப் பொருள். எதிரே வந்த நாய் தன் வழியே போய்விடுகிறது. நம் நாயோ தான் குரைத்ததனால்தான் அது போயிற்று என்று எண்ணிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் பலமாகக் குரைக்கும். அந்த நேரத்தில் நாம் அடித்தால் நிலைமை இன்னும் கெடும். வேறு நாய் தென்படும்போதெல்லாம் முதுகில் அடி விழுகிறது என்றால், அந்த வேறு நாயை அது நேசிக்கவா செய்யும்? உறுமுவதற்காக அடிப்பதும் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியை அறுத்துவிட்டால், பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் கடிதான் வரும்.

அச்சத்தைப் போக்கும் வழியைக் காட்டியவர் நாய் வளர்த்தவர் அல்லர். குழந்தைகளை ஆராய்ந்த ஒரு பெண்மணி. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1924இல் பீட்டர் என்னும் மூன்று வயது நிரம்பாத சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். பஞ்சைக் கண்டாலும் பயம். அவனை உட்கார வைத்து அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலை அவன் சாப்பிடுவதற்கு இடையூறு ஆகாத தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கூண்டு சற்று அருகே வந்தது. இறுதியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். இந்தக் கதையில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது தின்பண்டம் அன்று, தூரம். அஞ்சும் நாய்க்குத் தூரம்தான் மருந்து.

எங்கள் வீட்டுக்கு ஒரு தோப்பிலிருந்து வந்து சேர்ந்த மணி என்னும் நாயை இந்த முறையில்தான் பழக்கினோம். வந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநாய்த் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் போட்டோம். முதல் மூன்று வாரம் எந்த நாயிடமும் அழைத்துப் போகவில்லை; வேளைக்குச் சோறு, ஒரே சாக்கு, ஒரே மூலை. புது இடம் பழகாத நாய்க்குப் புது நட்பு எதற்கு? கழுத்தை இறுக்கும் சங்கிலியை எடுத்துவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையும் நீண்ட வாரும் வாங்கினோம். வாரைப் பிடித்தவர் எப்போதும் வீட்டுப் பெரியவரே. சிறுமியர் பலமான நாயைத் தனியே பிடித்துச் செல்வது ஆகாது.

இடத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தென்காசிக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் நடமாட்டம் மிகுந்தவை. எதிரே நாய் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலத்தில் பேரருவிப் பக்கமும் ஐந்தருவிப் பக்கமும் கேட்கவே வேண்டாம். கூட்டம் போடும் எச்சில் இலைக்கும் எலும்புக்கும் நாய்கள் கூடிவிடும். சாப்பாடு கிடக்கும் இடத்தில் சமாதானம் நடக்காது. இலஞ்சிப் பக்கத்து வயல்வெளிப் பாதைகளில் விடியற்காலையில் போனால் வெகு தொலைவிலேயே நாய் வருவது தெரியும்; வேண்டிய மட்டும் விலகிக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரம்? அதை நாயே சொல்லும். மற்ற நாயைப் பார்த்த பிறகும் நம் கையிலுள்ள வேகவைத்த முட்டைத் துண்டை வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. தின்னாமல் உடல் விறைத்து, வாய் மூடி, கண் கொட்டாமல் பார்த்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். உடனே திரும்பி நடக்க வேண்டும். மணிக்கு முதலில் ஒரு முழு வயலின் நீளம் தேவைப்பட்டது. முதலில் நாய் தெரிய வேண்டும், பிறகுதான் முட்டை வர வேண்டும்; நாய் மறைந்ததும் முட்டையும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பயன் இல்லை. மணி அடித்த பிறகு உணவு வைத்தார் என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்த பாவ்லவின் தத்துவம்தான் இது.

நாயின் உடல் பேசும் பேச்சையும் படிக்கத் தெரிய வேண்டும். தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, காரணமின்றித் தரையை முகர்வது ஆகியவை மனக்கலக்கத்தின் அடையாளங்கள். "சண்டை வேண்டாம்" என்ற சமாதான வார்த்தையாகவும் அமையும். வால் ஆடினால் மகிழ்ச்சி என்பது பாதி உண்மைதான். இத்தாலிய விஞ்ஞானிகள் முப்பது நாய்களைப் பரிசோதித்து 2007இல் எழுதியதன்படி, எஜமானைக் கண்ட நாயின் வால் வலப்புறம் அதிகமாகவும், மிரட்டும் தோற்றமுள்ள அயல் நாயைக் கண்டபோது இடப்புறம் அதிகமாகவும் ஆடியது. வலமா இடமா என்று தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க நம்மால் ஆகாது. உயர்த்திய விறைத்த வாலா, உடம்போடு சேர்ந்து தளர்ந்து ஆடும் வாலா என்று பார்த்தால் போதும்.

தூரம் குறையத் தொடங்கியதும், வயதான, அமைதியான ஒரு நாயின் துணை வேண்டும். இரண்டு நாய்களையும் எதிரெதிரே கொண்டு வந்து "முகர்ந்து பார்" என்று விடுவது பெருந்தவறு. நேருக்கு நேர் முறைத்து வருவது நாய்களிடையே சண்டைக்கு அழைப்பு. இறுக்கிப் பிடித்த வார் அந்த அழைப்பை இன்னும் உறுதிப்படுத்தும். பாதையின் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று, இரண்டும் ஒரே திசையில் நடக்க வேண்டும். சேர்ந்து நடப்பதே நாய்களுக்கு அறிமுகம். பல நாட்களில் இடைவெளி சுருங்கும். பிறகு ஒன்றை முன்னே விட்டு மற்றது அதன் பின்வாசனையை முகரலாம். மனத்துக்குள் மூன்று எண்ணி, மகிழ்ச்சியான குரலில் அழைத்துக்கொண்டு நடந்துவிட வேண்டும். நீளமான முதல் சந்திப்பைவிடச் சுருக்கமான பத்துச் சந்திப்பு மேல். வீட்டு முற்றத்தில் சேர்த்து விடும் நாள் வந்தால் சோற்றுச் சட்டி, எலும்பு, பந்து எதுவும் அங்கே கிடக்கக் கூடாது.

எத்தனை கவனமாக இருந்தாலும் தெருநாய்க் கூட்டம் எதிர்ப்படத்தான் செய்யும். அவை தங்கள் எல்லையைத்தான் காக்கின்றன. ஓடக் கூடாது, கல்லெடுக்கக் கூடாது. நம் நாயை நமக்குப் பின்னே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு கைப்பிடி ரொட்டித் துண்டுகளை அவற்றின் பக்கம் தூர எறிந்துவிட்டு, வளைந்து ஒதுங்கிப் போய்விட வேண்டும். காது நுனி வெட்டப்பட்ட தெருநாய் கருத்தடை செய்யப்பட்டு வெறிநாய்த் தடுப்பூசி போடப்பட்டது என்பதற்கு அடையாளம். ஆனாலும் அந்த ஊசியின் பலன் நெடுநாள் நீடிக்கும் என்று எண்ணிவிடலாகாது. சண்டை மூண்டுவிட்டால் நடுவே கையை நீட்டவே கூடாது. ஒரு வாளித் தண்ணீரோ கெட்டிச் சாக்கோ உதவும். யாருக்கேனும் பல் பட்டால், கீறல்தானே என்று மஞ்சள் அப்பாமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும். வெறிநோய் கண்ட பின் அநேகமாக உயிர் தப்புவதில்லை. தக்க காலத்தில் போட்ட ஊசியோ காப்பாற்றிவிடும்.

எல்லா நாயும் எல்லா நாயோடும் விளையாடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குட்டிப் பருவத்தில் இழந்ததை வளர்ந்த நாய் முழுவதும் மீட்பது அரிது. அமைதியாகக் கடந்து போகக் கற்றுக்கொண்டால் அதுவே வெற்றி. மணிக்கு எட்டு மாதம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக் கிழட்டு நாயோடு மட்டும் முற்றத்தில் படுத்துக்கொள்கிறது. வேறு நாய் வந்தால் தானே வயல் பக்கமாக ஒதுங்கி நின்று, குரைக்காமல், எங்கள் கையைத்தான் பார்க்கிறது, முட்டை வருமென்று.